ஒரே நேரத்தில் எத்தனை பேர்

மைனஸ் இருபத்தெட்டுக்குக் கணக்குப் போடு
என்கிறது ஓங்கர்மன்லாந்து.
அந்தக் குளிர் வருடத்தில் மூன்று இரவு வரும்.
மூன்று இரவுக்காக மற்ற நாளெல்லாம்
பெரிய இயந்திரத்துக்கு வட்டி கட்டுவதா என்று
எல்லா வீட்டிலும் கேட்பார்கள்.
ஹால்வார் கேட்கவில்லை.
"மூன்று இரவு வருமல்லவா" என்றார்.

பழைய பாதிரி மனை.
பதினான்கு அறை, இரண்டு மாடிப்படி.
என் லேசர் அளவுகோலின் சிவப்புப் புள்ளி
சுவர் சுவராய் முட்டித் திரும்பியது.
வடக்கறை: கசிவது இரண்டாயிரத்து நூறு வாட்.
ஜன்னலின் இரு கண்ணாடிக்கு நடுவே
பஞ்சும் வெள்ளைப் பாசியும்
படுக்கவைத்திருந்தார் சிக்னே. ஈரம் குடிக்குமாம்.
உத்தரத்துக்கு மேலே மரத்தூள்,
அதில் எலிகள் போட்ட சாலைகள்.
பியானோ அறை: ஆயிரத்து எண்ணூறு.
பியானோ இல்லை.
அதன் மூன்று காலும் தரையில் குழியாய் இருக்கின்றன.

நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன்
எழுபத்தாறாம் ஆண்டிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறது.
அதைக் கழற்றிவிட்டு
முற்றத்தில் இரண்டு துளை போட வேண்டும்,
ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது மீட்டர்.
அவ்வளவு ஆழம் போனாலும்
பாறையின் கையிருப்பு ஐந்து டிகிரிதான்.
கொஞ்சம் கொஞ்சமாய்க் கைமாற்று வாங்கி
திரட்டிக் கொடுப்பது பம்ப்பின் வேலை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
சமையலறை மேசையில் படிவத்தை விரித்தேன்.
"ஒரே நேரத்தில் எத்தனை பேர் குளிப்பீர்கள்?"

"பன்னிரண்டு" என்றார் ஹால்வார்.
"இரண்டு" என்றார் சிக்னே.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
தப்பாகக் கேட்டவள் நான் என்பதுபோல.

கிறிஸ்துமஸ், நடுக்கோடை, ஈஸ்டர் என்று
விரல் விட்டார் ஹால்வார்.
மால்மோவில் இருப்பவள், அவள் வீட்டார்,
பெர்கனில் இருப்பவன், அவனுடைய இரட்டையர்...
"போன கிறிஸ்துமஸுக்கு?" என்றார் சிக்னே.
"சாலையெல்லாம் பனி."
"அதற்கு முந்தினது?"
ஹால்வார் சர்க்கரைக் கட்டியைக் காபியில் முக்கி
அது கரையும்வரை பிடித்திருந்தார்.

"பன்னிரண்டு துண்டுகூட இல்லை இந்த வீட்டில்."

எழுந்தார். மேலே போனார்.
அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்கும் சத்தம்
கூரை வழியாகக் கேட்டது.
சிக்னே என் கோப்பையை நிரப்பினார்.
"ஒன்பது!" என்று படியிலிருந்து குரல்.
"மேசைவிரிப்பையும் சேர்த்து" என்றார் அவர், எனக்கு மட்டும்.

இருவருக்கு ஐந்நூறு லிட்டர் தொட்டி
விரலுக்கு மீறின வீக்கம்.
யாரும் தொடாத தண்ணீரையும்
வாரந்தோறும் அறுபது டிகிரி காட்ட வேண்டும்;
வெதுவெதுப்பாய் விட்டுவைத்தால்
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறிவிடும்.

ஆகவே இரண்டு தொட்டி வரைந்தேன்.
நூற்றெண்பது லிட்டர், தினசரிக்கு.
பக்கத்தில் முந்நூறு, காலியாய், காய்ந்து,
நடுவில் ஒரு வால்வு.
"முந்தின நாள் மத்தியானமே நிரப்பினால்தான்
விடிவதற்குள் சூடாகும்.
வருகிறவர்கள் சொல்லிவிட்டு வர வேண்டும்."
"அதுதான் சிக்கல்" என்றார் சிக்னே.
ஹால்வார் வால்வு எந்த உயரத்தில் என்று கேட்டார்.
முழங்கால் அளவில் என்றேன், வழக்கம் அது.
"இடுப்புயரத்தில் வை" என்றது சிக்னே.
"அவருக்குக் குனிய முடியாது."

நிலவறைச் சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டேன்.

கடைசியாகத் தெற்குக் குளியலறை.
தொட்டியிலிருந்து பத்தொன்பது மீட்டர்.
குழாயில் ஆறிக் கிடக்கும் ஆறு லிட்டரும்
ஓடித் தீர ஒரு நிமிடம்.
சுற்றோட்டக் குழாய் போட்டால்
திறந்ததும் வெந்நீர் என்றேன்.
வேண்டாமாம். அந்த ஒரு நிமிடத்தில்தான்
சிக்னே பல் தேய்க்கிறாராம்.

அலுவலகத்தில், ஆட்கள் என்ற கட்டத்தில்
2/12 என்று தட்டினேன்.
சாய்கோட்டை ஏற்காமல் சிவந்தது கணினி.
நான்கு என்று ஒரு பொய் போட்டு அனுப்பிவைத்தேன்.

மார்ச்சில், துளைபோடும் வண்டி கிளம்பும் காலையில்,
சிக்னேயிடமிருந்து குறுஞ்செய்தி:
மூன்று துண்டு வாங்கியிருக்கிறேன்.
கணக்கை மாற்ற வேண்டாம்.